அடுப்பைத் துடைக்க ஆள் வேண்டுமா?

'அடுப்பூதும் பெண்களுக்குப் படிப்பெதற்கு?' என்று கேட்ட காலம் ஒன்று இருந்தது. நான் கேட்க விரும்புவது வேறு கேள்வி. இத்தனை படித்த ஆண்களாகிய நமக்கு ஓர் அடுப்பைத் துடைக்கத் தெரியாமற் போனது எதனால்?

திருவனந்தபுரத்திற்குப் படிக்க வந்த தமிழ் மாணவர் ஐவர், காரியவட்டத்திற்கு அருகே ஒரு வாடகை வீட்டில் கூடி வாழ்கிறோம். ஐவரில் மூவர் விஞ்ஞானம் பயில்பவர்கள் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். சமைப்பதற்கு முறை உண்டு. பாத்திரம் துலக்கவும் முறை உண்டு. காஸ் அடுப்புக்கு மட்டும் யாரும் பொறுப்பில்லை. இன்று சாம்பார் வழிந்த இடத்தில் நாளை பால் வழியும். அவ்வளவுதான் அதற்கு நாங்கள் செய்த அபிஷேகம்.

கோடை விடுமுறைக்கு வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போனோம். ஜூன் மாதம் இடவப்பாதி மழையோடு திரும்பி அடுப்பைப் பற்றவைத்தால், நீலச் சுடரைக் காணோம். நெட்டையாய், மஞ்சளாய் ஆடியது ஒரு சுடர். இரண்டே நாளில் குக்கரின் அடி கரிக்கட்டையாயிற்று. எனக்குத் தலைவலி வேறு. "காஸ் கலப்படம்" என்றார் ஒருவர். "அடுப்பு பழசு, மாற்றிவிடலாம்" என்றார் மற்றவர். நானோ, சிந்திய உப்பிலுள்ள சோடியம் சுடரை மஞ்சளாக்குகிறது என்று விளக்கம் சொன்னேன். சுடரொளியை ஆராய்ந்தல்லவா புன்சனும் கிர்க்காஃபும் 1860-இல் சீசியத்தையும் 1861-இல் ரூபிடியத்தையும் கண்டார்கள்! ஆனால் சோடியம் பாத்திரத்தில் கரி பூசாதே என்ற எண்ணம் அந்த மேதாவிக்கு அப்போது வரவில்லை.

அன்றிரவு தொலைபேசியில் அம்மாவிடம் சொன்னேன். "பர்னரைக் கழற்றிக் கவிழ்த்துத் தட்டுடா. பூச்சி கூடு கட்டியிருக்கும்" என்றார். புன்சன் பெயரை அவர் கேட்டதில்லை.

உருளையை மூடி, அடுப்பு ஆறிய பின் கழற்றினேன். பர்னருக்குப் போகும் கலவைக் குழாயில் குளவியின் மண்கூடு. அதன் அருகே சிலந்தி நூல். ஜெட்டிலிருந்து சீறும் வாயு, அந்தக் குழாயின் வாயிலில்தான் காற்றை உடன் இழுத்துச் செல்கிறது. ஒரு பங்கு புரொப்பேன் முழுதும் எரியச் சுமார் 24 பங்கு காற்று வேண்டும். பியூட்டேனுக்குச் சுமார் 31. வழி அடைபட்டால் எரியாத கரித்துகள் மஞ்சளாய் ஒளிர்ந்து பாத்திரத்தில் படிகிறது. கூடவே கார்பன் மோனாக்சைடும் பிறக்கிறது. காஸ் கசிந்தால் தெரியட்டும் என்று மெர்காப்டன் மணம் சேர்த்திருக்கிறார்கள். இந்த நஞ்சுக்கு மணமே கிடையாது. நாங்களோ சாரலுக்குப் பயந்து ஜன்னலையும் சாத்தியிருந்தோம்!

சிலந்தி என்றதும் நகைக்க வேண்டாம். 2011-இல் மஸ்தா நிறுவனம், ஆவிக்குழாயில் சிலந்தி வலை பின்னியதற்காகவே அமெரிக்காவில் 50,000-க்கும் மேற்பட்ட கார்களைத் திரும்ப அழைத்தது. காஸில் இறைச்சி சுடும் 'பார்பெக்யூ' அடுப்பைக் குளிர்காலம் முழுதும் மூடி வைக்கும் நாடுகளிலும், மீண்டும் பற்றவைக்குமுன் குழாயில் சிலந்தி உண்டா என்று பார்ப்பது வழக்கம். அந்த அடுப்பில் கொழுப்பு வடியும் தட்டையும் துடைக்காவிட்டால் அதுவே தீப்பிடிக்கும்.

நான் செய்தது பெரிய வித்தை அன்று. வெந்நீரில் சோப்புப்பொடி கரைத்து ஊறவைத்தேன். பித்தளைப் பர்னர் ஆதலால் புளியும் உதவிற்று. பழைய பல் பிரஷால் துளைகளைத் தேய்த்து, ஈரம் போக உலர்த்தி மாட்டினேன். ஜெட்டின் துளையை மட்டும் ஊசியால் குத்தவில்லை. அது பெரிதானால் வாயு மிகுந்து மறுபடி மஞ்சள்தான்.

அப்போதுதான் நண்பர் கேட்டார்: "எம்.எஸ்ஸி. படித்துவிட்டு இதையா செய்கிறாய்? ஒரு ஆளைக் கூப்பிட்டால் போகிறது!" ஆய்வகத்தில் புன்சன் அடுப்பின் காற்று வளையத்தைத் திருகி நீலச்சுடர் காண்பது விஞ்ஞானமாம், சமையலறையில் அதையே செய்தால் இழிவாம்! இது என்ன நியாயம்? கூலிக்கு வருபவரை நான் குறை சொல்லவில்லை. அவர் தொழில் அது. ஆனால் நாம் அவரை அழைப்பது நமக்குத் தெரியாததால் அன்று. அது நம் தகுதிக்குக் குறைந்தது என்ற நினைப்பால். வீட்டில் அம்மா செய்ததை நாம் வேலையென்றே எண்ணியதில்லை. இருபத்து மூன்று வயதுவரை நானும் அந்தப் பர்னரைத் தூக்கிப் பார்த்தவனல்லன்; ஆகவே இந்த வசை முதலில் எனக்கே.

அடுப்போடு நிற்காமல் ரப்பர் குழாயையும் பார்த்தேன். ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய அது, அதன்மேல் அச்சிட்டிருந்த கெடு கடந்து இரண்டாண்டாகியிருந்தது. மாற்றிவிட்டு, இணைப்புகளில் சோப்புநீர் தடவிக் குமிழி வருகிறதா என்று சோதித்தோம், வரவில்லை. கசிவென்றால் அழைக்க வேண்டிய 1906 என்ற எண்ணைச் சுவரில் எழுதியும் வைத்தாயிற்று.

இப்போது அடுப்புக்கும் முறை உண்டு. வருகிற ஞாயிறு அந்த நண்பருடைய முறை. பிரஷ் தயாராக இருக்கிறது. புளிக்குத்தான் கடைக்குப் போக வேண்டும்.