பி.எட். வகுப்பில் ஒரு வெடிச்சத்தம்

1/ டாக்டருக்கு ஆசிரியர் பயிற்சி பத்தி என்ன தெரியும்னு கேப்பீங்க. நியாயம்தான். ஆனா சிவகாசிப் பக்கம் இருக்கிற டாக்டருக்கு அதைப் பேச ஒரு காரணம் இருக்கு. கொஞ்சம் நீளமான த்ரெட், பொறுத்துக்கோங்க.

2/ 2012 செப்டம்பர் 5. ஆசிரியர் தினம். அன்னைக்குத்தான் முதலிப்பட்டி பட்டாசு ஆலை விபத்து. ஏறத்தாழ 40 பேர் இறந்தாங்க. அதில் பலர் ஆலைத் தொழிலாளிகளே இல்லை. சத்தம் கேட்டு, காப்பாத்தவும் பார்க்கவும் ஓடி வந்த பக்கத்து ஊர்க்காரங்க. அடுத்தடுத்து வெடிச்சதில் சிக்கிட்டாங்க.

3/ இப்ப ஒரு வகுப்பறையை நினைச்சுப் பாருங்க. சாத்தூர், வெம்பக்கோட்டை, எந்த ஊராவும் இருக்கலாம். ஏழாம் வகுப்பு. தூரத்தில் பெரிய சத்தம், ஜன்னல்ல புகை. ஒரு பிள்ளை "எங்கம்மா அங்கதான் டீச்சர் வேலைக்குப் போயிருக்கு"ன்னு அழுதுகிட்டே வாசலுக்கு ஓடுது. டீச்சர் வேலைக்குச் சேர்ந்து மூணு மாசம்தான் ஆகுது. என்ன செய்வாங்க?

4/ "அம்மாவுக்கு ஒண்ணும் ஆகாது"ன்னுதான் வாய் வரும். அது நமக்குத் தெரியாத விஷயம். பிள்ளையை ஓட விடவும் கூடாது. மத்த முப்பது பேரையும் வெளியே விடக் கூடாது. இதையெல்லாம் அந்த நிமிஷத்தில் யோசிச்சுக் கண்டுபிடிக்க முடியாது. முன்னாடியே ஒரு தடவையாவது செஞ்சு பார்த்திருக்கணும்.

5/ நாங்க அப்படித்தான் கத்துக்கிறோம். நெஞ்சை அழுத்தி உயிர் மீட்கும் பயிற்சிக்கான பொம்மையை 1960-ல் உருவாக்கினவர் நார்வேயைச் சேர்ந்த ஆஸ்மண்ட் லேர்டால். அவர் குழந்தைகளுக்கு விளையாட்டுப் பொம்மை செஞ்சுகிட்டு இருந்தவர். நோயாளியிடம் பேசுற விதத்தையும் இப்ப எம்.பி.பி.எஸ்.ல நடிச்சுப் பார்த்துப் பழகுறாங்க. முதல் தப்பு பொம்மைகிட்டயும் சக மாணவன்கிட்டயும் நடந்து போகட்டும்னுதான்.

6/ பி.எட்.ல மைக்ரோ டீச்சிங் இருக்கேன்னு சொல்வீங்க. இருக்கு. 1963-ல் ஸ்டான்ஃபோர்டில் பிறந்தது. நம்ம நாட்டு முறையில் 36 நிமிஷச் சுற்று: 6 நிமிஷம் பாடம், கருத்து, திருத்தி மறுபடி பாடம். அருமையான ஏற்பாடு. ஆனா மாணவரா உட்கார்ந்திருக்கிறது யாரு? சக பி.எட். தோழிகள். கை கட்டி, கேட்ட கேள்விக்கு டக்னு பதில் சொல்ற பிள்ளைங்க. அப்படி ஒரு வகுப்பு எந்த ஊர்ல இருக்கு?

7/ நான் கேக்கிறது சீட்டு விளையாட்டு மாதிரி ஒண்ணுதான். ஆளுக்கு ஒரு துண்டுச் சீட்டு. "போன வாரம் அப்பா விபத்தில் இறந்துட்டார், இன்னைக்குத்தான் பள்ளிக்கு வர்றேன்." "கையில் தீக்காயத் தழும்பு, பக்கத்துல உக்கார மாட்டேங்குறாங்க." "அம்மா அந்த ஆலையில இருக்கு." பாடம் எடுக்கிறவருக்கு எது வரும்னு தெரியக்கூடாது. செலவு ஒரு தாளும் பேனாவும்.

8/ துக்கத்தை வச்சு விளையாடலாமான்னு சிலர் கேப்பாங்க. அதனாலதான் முடிஞ்சதும் உட்கார்ந்து பேசுறது கட்டாயம். நிஜத்திலேயே அந்த இழப்பைச் சந்திச்சவங்க அந்த வகுப்பில் இருக்கலாம், நம்ம மாவட்டமாச்சே. வேண்டாம்னு ஒதுங்க அவங்களுக்கு உரிமை வேணும். பிள்ளையா நடிச்சவங்களும் பேசட்டும். டீச்சர் சொன்ன எந்த வார்த்தை வலிச்சதுன்னு அவங்களுக்குத்தான் தெரியும்.

9/ பி.எட். கல்லூரிகளில் பாடம் நடத்துறவங்க இதைப் படிச்சா, இந்த வருஷம் மைக்ரோ டீச்சிங்ல ஒரே ஒரு சுற்று இப்படி நடத்திப் பாருங்க. அந்தப் பிள்ளை வாசலுக்கு ஓடுறப்போ கதவுகிட்ட நிக்கப்போறது நீங்க பயிற்சி கொடுத்த ஆள்தான்.