பெட்டி மாட்டினால் போதுமா?



மார்ச் 20 சிட்டுக்குருவி தினம் வந்தால் கூடுபெட்டி மாட்டுகிறோம். அப்புறம் யாராவது அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கிறோமா?

அமெரிக்காவில் நீலப்பறவை என்று ஒரு சின்னப் பறவை உண்டு. பொந்தில்தான் கூடு கட்டும். பட்ட மரங்களை வெட்டியதால் பொந்துகள் குறைந்தன. மிச்சமிருந்த பொந்துகளையும் 1850-களில் ஐரோப்பாவிலிருந்து கொண்டுபோய் விட்ட பறவை பிடுங்கிக்கொண்டது. எந்தப் பறவை தெரியுமா? நம்ம சிட்டுக்குருவியேதான்! அங்கே அது நீலப்பறவையின் முட்டையை உடைக்கும். கூட்டில் இருக்கும் தாயைக்கூடக் கொத்திக் கொன்றுவிடும்.

அதனால் மக்கள் மரப்பெட்டி வைத்தார்கள். ஒன்றரை அங்குல வாசல். பெரிய பறவை நுழையாது. கம்பத்தில் பாம்பு ஏறாமல் தகரத் தடுப்பு. ஆனால் சிட்டுக்குருவி நுழைந்துவிடுமே! அதனால் வாரம் ஒருமுறை திறந்து பார்த்து, எத்தனை முட்டை, எத்தனை குஞ்சு என்று நோட்டில் எழுதுகிறார்கள்.

"திறந்தால் தாய் ஓடிப்போயிடாதா?" என்று கேட்பீர்கள். சட்டென்று பார்த்து மூடினால் நீலப்பறவை திரும்பி வந்துவிடும். குஞ்சு பொரித்துப் பன்னிரண்டு, பதிமூன்று நாள் ஆனபின் மட்டும் திறக்கக் கூடாது. பயந்துபோய், பறக்கத் தெரியாமலே வெளியே குதித்துவிடும்.

கவனிக்காத பெட்டி வீடு இல்லை, பொறி! இதுதான் என் கருத்து.

நம்ம குருவிப் பெட்டியைத் திறக்கக்கூட வேண்டாம். தள்ளி நின்று பார்த்தாலே போதும். குருவி வந்ததா, வைக்கோல் கொண்டுபோனதா, குஞ்சு கத்துதா, பூனை எட்டுதா? ஒரு பெட்டி, ஒரு நோட்டு, வாரம் ஒரு நாள். வகுப்புக்கு ஒருவர் முன்வருவோமா?