குளிசையும் செய்தியும்

பரபரப்புக்காக எழுதப்படும் செய்தியைக் கண்டால் "டெப்லொயிட்" என்று முகம் சுளிக்கிறோம். அச்சொல் பத்திரிகைக் காரியாலயத்தில் பிறந்ததல்ல. மருந்துக் கம்பனி ஒன்றில் பிறந்தது. லண்டனிலிருந்த பரோஸ் வெல்கம் கம்பனி 1884 இல் தனது குளிசைகளுக்கு வர்த்தகக் குறியாகப் பதிவுசெய்த பெயரே அது. மருந்தை அளவு பிசகாமல் சிறிதாக அழுத்தித் தந்ததால் அப்பெயர் பிரபலமானது. பின்னர் சுருக்கித் தரப்படும் எதற்கும் மக்கள் அதனை வழங்கினர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பத்திரிகைக்கும் வந்தது. முதலில் சுருக்கமான செய்தியையும் சிறிய தாளையும் குறித்தது. போகப்போகக் கிசுகிசுவையும் குறித்தது.

இதனால், சிறிய தாள் மலிவானது, பெரிய தாள் நம்பத்தக்கது என்றோர் எண்ணம் வேரூன்றிவிட்டது. இதனை என்னால் ஏற்க முடியவில்லை. லண்டனின் 'த டைம்ஸ்' 2004 இல் முற்றாகச் சிறிய அளவுக்கு மாறியது. அப்போதும் டெப்லொயிட் என்ற பெயரைத் தவிர்த்து, "கொம்பக்ட்" என்றே தன்னை அழைத்துக்கொண்டது. தாள்தான் சிறுத்ததே தவிர, அது கிசுகிசுப் பத்திரிகையாகிவிடவில்லை.

நமது நாட்டைப் பாருங்கள். உயிர்த்த ஞாயிறு தாக்குதலால் அனைவரும் கலங்கியிருந்த 2019 மே மாதத்தில், ஒரு வைத்தியர் 4000 சிங்களத் தாய்மாருக்குக் கருத்தடை செய்தார் என்று ஒரு சிங்கள நாளிதழ் பெயர் குறிப்பிடாமல் முன்பக்கத்தில் எழுதியது. அது டெப்லொயிட் அல்ல, பெரிய தாள். அடுத்து, குருநாகல் வைத்தியர் ஷாபி ஷிஹாப்தீன் கைதானார். குற்றச்சாட்டுக்கு ஆதாரமில்லை எனக் குற்றப் புலனாய்வுத் திணைக்களம் நீதிமன்றில் தெரிவித்தது. ஆயினும் அந்தத் தலைப்பு பரவிய வேகத்தில் உண்மை பரவவில்லை. 2022 இல் கிடைத்த நிலுவைச் சம்பளத்தை அவர் நோயாளர்களுக்கு மருந்து வாங்கவே அன்பளிப்புச் செய்தார்.

இன்று நம் கையிலுள்ள தொலைபேசித் திரை எந்த டெப்லொயிட்டையும் விடச் சிறியது. அதில் வருவதைச் சிறியது என்று ஒதுக்கவும் வேண்டாம். பெரிய பத்திரிகையின் பெயர் இருக்கிறது என்று நம்பவும் வேண்டாம். குளிசை அட்டையில் மருந்தின் பெயர், செய்தவர் பெயர், திகதி எல்லாம் இருக்கும். செய்தியிலும் அவற்றைத் தேடுவோம். சொன்னவர் யார்? எப்போது சொன்னார்? சான்று என்ன? குடும்பக் குழுவுக்கு அனுப்பும் பெற்றோரும் வகுப்புக் குழுவுக்கு அனுப்பும் மாணவிகளும் இம்மூன்றையும் கேட்கப் பழக வேண்டும். விடை இல்லாத செய்தியை நாம் விழுங்கவும் கூடாது. பிறருக்கு ஊட்டவும் கூடாது.