பூசணியும் கந்தகமும்

சிவகாசிக்கு அடுத்த எம். புதுப்பட்டியில் நமக்கு ஒரு சினேகிதர் இருக்கிறார். பட்டாசுத் தொழிற்சாலையில் கணக்கெழுதுவது அவர் ஜீவனம். பூசணி வளர்ப்பது அவர் வியாதி. 2023-ஆம் ஆண்டில் கலிபோர்னியாவில் 2,749 ராத்தல் எடையுள்ள பூசணி ஒன்று பரிசு பெற்ற செய்தி காதில் விழுந்தது முதல் அவருக்கு உறக்கமில்லை. அவர் கொல்லையிலோ, பிஞ்சுகள் எலுமிச்சம்பழ அளவிலேயே அழுகி உதிர்ந்தன.

பட்டாசுச் சீமையில் கந்தகத்துக்கா பஞ்சம்? "பூச்சிக்குக் கந்தகமே எமன்" என்று யாரோ சொல்ல, கடையில் வாங்கிக் கொடி முழுவதும் தூவிவிட்டார். மூன்றாம் நாள் இலைகள் கருகின. பூசணி இனத்துக் கொடிகளுக்குக் கந்தகத் தூளும் தாமிரத் தூளும் ஆகா என்று கோயமுத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் எச்சரித்திருப்பதை நாம் பிறகு எடுத்துக் காட்டினோம். (பிறகு எடுத்துக் காட்டுவதில் நாம் சமர்த்தர்.)

பிஞ்சை அழித்தது பழ ஈ. தாய் ஈ தோலைத் துளைத்து உள்ளே முட்டையிடுகிறது. புழு சதையைத் தின்று வளர்ந்து, மண்ணில் இறங்கிக் கூட்டுப்புழுவாகிறது. ஆகவே, புழு உள்ளே புகுந்தபின் மேலே தெளிப்பது சீமை மருந்தானாலும் வேப்பஞ்சாறானாலும் பிஞ்சு பிழைக்காது. விழுந்தவற்றை அன்றன்றே பொறுக்கி ஆழப் புதைக்க வேண்டும். நண்பரோ, எருவாகட்டுமென்று அவற்றைக் கொடியடியிலேயே குவித்து வைத்திருந்தார்!

மருந்துக் கடைக்காரர் கடும் விஷம் ஒன்றைச் சிபாரிசு செய்தார். வண்டு சாகும், சந்தேகமில்லை. ஆனால் பூசணியில் ஆண்பூ வேறு, பெண்பூ வேறு. (மார்கழிக் கோலத்துக்கு ஆண்பூ ஒன்றிரண்டைப் பறிப்பதால் நஷ்டமில்லை.) காலையில் மலர்ந்து உச்சிக்குள் வாடும் அப்பூக்களைத் தேனீ நாடினால்தான் காய் உண்டு. விஷத்துக்கு வண்டென்றும் தேனீயென்றும் பேதம் தெரியாது. மேலும், நண்பரின் கிணறு அந்தக் கொல்லையில்தான். பேரக் குழந்தைகள் விளையாடுவதும் அங்கேதான். காசர்கோட்டு முந்திரித் தோட்டங்களில் ஆகாயத்திலிருந்து ஆண்டுக்கணக்கில் எண்டோசல்பான் தெளித்ததன் பலனைக் குழந்தைகள் அல்லவா அனுபவித்தார்கள்? 2011-இல்தான் சுப்ரீம் கோர்ட்டு அம்மருந்துக்குத் தடை விதித்தது.

வேம்பின் குணத்தை நாம் அறியாவிட்டாலும் அந்நியர் அறிவார்கள். வேப்பெண்ணெயால் பூஞ்சணத்தைத் தடுக்கும் முறைக்கு ஓர் அமெரிக்கக் கம்பெனியும் அந்நாட்டு விவசாய இலாகாவும் 1994-இல் ஐரோப்பியப் பேடண்டு பெற்றன. அது 2000-இல் ரத்தாயிற்று. அப்பீலும் 2005-இல் தள்ளுபடியாயிற்று.

ஆனாலும் வேம்பு சர்வரோக நிவாரணி அல்ல. வெயிலில் அதன் வீரியம் குன்றும். திரும்பத் திரும்பத் தெளிக்க வேண்டும். லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் வேப்பம்பருப்பை இடித்து, இரவு ஊறவைத்து, வடிகட்டி, சிறிது சோப்புக் கரைத்து மாலையில் தெளிப்பது வழக்கம். ஐந்து ஏக்கர் பயிரிட்டுக் கடனில் தவிக்கும் குடியானவரிடம் போய் இதை உபதேசிக்க நமக்குத் துணிவில்லை. அவர் கணக்கு வேறு. கொல்லையில் நாலு கொடி வைத்திருப்பவருக்கு விஷ டப்பா எதற்கு என்பதே நம் கேள்வி.

மறு விதைப்பை நண்பரின் மனைவியார் ஏற்றார். இளங்கொடியைக் கடிக்கும் சிவப்பு வண்டுகள் விடியற்காலையில் மந்தமாயிருக்கும்போது பொறுக்கினார். பனியீரம் உலருமுன் அடுப்புச் சாம்பலைத் தூவினார். தைப் பொங்கலுக்கு நமக்கு ஒரு காய் வந்து சேர்ந்தது. எடை ஒன்பது ராத்தல்தான். நறுக்கிப் பார்த்தோம், புழு இல்லை.