"நம்மவர்களுக்கு வராது" என்ற நம்பிக்கை

மாணவர்களே, புக்கிட் பெருவாங் வட்டாரத்தில் தோட்டத்து வேலை பார்த்து முழங்கால் தேய்ந்த தாத்தா பாட்டிகளை உங்களுக்குத் தெரிந்திருக்கும். சிலர் மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சை முடிந்து வீடு திரும்பும்போது, மருந்துப் பையில் இரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரையோ ஊசியோ இருக்கும். "வெட்டியது காலைத்தானே, இரத்தத்துக்கு எதற்கு மருந்து?" என்பார் ஒருவர். வலி குறைந்ததும் அதை நிறுத்திவிடுவார்கள். அப்படி நிறுத்தக்கூடாது என்பதே என் வாதம்.

எலும்பை வெட்டியதும், காயத்தை அடைக்க இரத்தம் உறையும் வேலையை உடல் முடுக்கிவிடுகிறது. நோயாளியோ படுத்திருக்கிறார். நடக்கும்போது கெண்டைக்கால் தசை சுருங்கித்தான் சிரைகளிலுள்ள இரத்தத்தை மேலே தள்ளுகிறது. நடை நின்றால் இரத்தம் தேங்கி, ஆழ்சிரையில் கட்டியாகலாம். அக்கட்டி பிய்ந்துபோய் நுரையீரல் தமனியை அடைத்தால் உயிருக்கே ஆபத்து.

இது வெள்ளையர்களுக்கு வரும் நோய், ஆசியர்களுக்கு அரிது என்று மருத்துவர்களே நெடுங்காலம் நம்பினார்கள். நம் நாட்டில், மலாயாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மருத்துவர் கே. எஸ். தில்லானும் அவருடைய இரு சகாக்களும் அதைச் சோதித்தார்கள். இடுப்பிலோ முழங்காலிலோ பெரிய அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட, தடுப்பு மருந்து எதுவும் பெறாத 88 பேரின் கால் சிரைகளில் சாயம் செலுத்தி எக்ஸ்-ரே எடுத்தார்கள். முடிவு 1996இல் வெளிவந்தது. 55 பேருக்குக் கட்டி இருந்தது, அதாவது 62.5 விழுக்காடு! முழங்கால் மாற்றியவர்களில் மட்டும் 76.5 விழுக்காடு. இத்தகைய கட்டிகள் பல வீக்கமோ வலியோ காட்டுவதில்லை. அதனால்தான் கண்ணால் மட்டும் பார்த்தவர்களுக்கு நோய் இல்லாததுபோல் தெரிந்தது.

எல்லாக் கட்டியும் ஆளைக் கொல்லாது. பல தாமாகவே கரைந்துவிடும். மருந்தினால் இரத்தக்கசிவும் கூடலாம். ஆகவே அளவையும் நாளையும் மருத்துவர்தான் முடிவு செய்யவேண்டும். பொதுவாக இரண்டு வாரம் முதல் ஐந்து வாரம்வரை எடுக்கச் சொல்வார்கள். (இதை "இரத்தத்தை மெலிதாக்கும் மருந்து" என்கிறோம். உண்மையில் இரத்தம் மெலிவதில்லை, உறைவதுதான் தாமதமாகிறது.) எனோக்சாபரின் ஊசி பன்றிக் குடலிலிருந்து கிடைக்கும் பொருளால் ஆனது. அது வேண்டாம் என்பவர்கள் வாயைத் திறந்து சொல்லலாம். ஃபொண்டாபரினக்ஸ் என்ற செயற்கை மருந்தும் உண்டு.

வீட்டில் பாட்டிக்கு இந்த மருந்து இருந்தால், எத்தனை நாளைக்கு என்று கேட்டு நாள்காட்டியில் குறித்து வையுங்கள். மருத்துவர் நடக்கச் சொன்னால் கைபிடித்து நடத்துங்கள்; "பாவம், படுத்திருக்கட்டும்" என்று விடாதீர்கள். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால் எண்ணெய் தேய்த்து உருவிவிடாமல், உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். திடீரென்று மூச்சுத் திணறலோ நெஞ்சுவலியோ வந்தால் 999ஐ அழையுங்கள்.