ஒளியின் கணக்கு

"ஒளியாற் கணக்கிடும் யந்திரம் தோன்றிவிட்டது, இனி மின்னால் இயங்கும் கணிப்பொறிகட்கு வேலை இராது" என்று பலர் வியந்து பேசக் கேட்கின்றோம். வியத்தல் நன்றே, எதனை வியக்கின்றோம் என்பதை அறிந்து வியத்தல் அதனினும் நன்று. தமிழ் பயிலும் மாணவன் இப்பொருள் பற்றி எழுதப் புகுதல் மிகையெனச் சிலர் எண்ணலாம். ஆனால் அவ்வியந்திரம் ஒன்றற்கு வைத்த தேர்வு உயிரொலிகளைப் பற்றியதாதலின், எம்மனோர்க்கும் இதன்கண் சிறிது உரிமை உண்டு.

செயற்கை நுண்ணறிவிற்கு அடிப்படையான நரம்பு வலைக் கணிப்பிற் பெரும்பகுதி பெருக்கலும் கூட்டலுமே. எண்களை அவற்றிற்குரிய எடைகளாற் பெருக்கிக் கூட்டி, அத்தொகையை எவ்வளவு கொள்வது, எவ்வளவு தள்ளுவது என்று தீர்த்து அடுத்த அடுக்கிற்கு அனுப்புவதே அதன் தொழில். இனி, ஓர் ஒளிக்கற்றையை இரண்டாகப் பிரித்து, ஒன்றன் அலையைச் சிறிது பின்னிடச் செய்து மீண்டும் சேர்த்தால், அலைகள் ஒன்றையொன்று வளர்த்தோ தேய்த்தோ வெளிப்படும். 1891, 1892 ஆகிய ஆண்டுகளில் செண்டர், மாக் என்னும் அறிஞர் இருவர் தனித்தனியே அமைத்த கருவி இதுவே. பின்னிடும் அளவை மாற்ற, எடையும் மாறும். ஒளி கடந்து செல்லுதலே பெருக்கலும் கூட்டலும் ஆகிவிடுகின்றது.

2017-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தார் இத்தகைய கருவிகள் 56-ஐ ஒரு சிலிக்கன் சில்லில் அமைத்து, நான்கு உயிரொலிகளைப் பிரித்தறியச் செய்தனர். 180 ஒலிகளுள் அது சரியாக அறிந்தவை 138; வழக்கமான கணிப்பொறி அறிந்தவை 165. அன்றியும், கொள்வதும் தள்ளுவதுமாகிய தீர்ப்புப் பகுதியை ஒளி செய்யவில்லை. கணிப்பொறியே அதனைப் போலச்செய்து காட்டியது. இவற்றை அவ்வாராய்ச்சியாளர் மறைத்திலர்.

ஆயின், புகழ்வோர் கூறுவது யாது? ஒளியின் வேகமே வேகம் என்பது. இது பொருந்தாது. சிலிக்கனுள் ஒளி, வெற்றிடத்திற் செல்லும் வேகத்தில் மூன்றிலொரு பங்கிற்கும் குறைவாகவே செல்கின்றது. ஒளியின் மெய்யான பெருமை வேறு. மின்கம்பியில் ஒவ்வொரு முறையும் மின்னூட்டம் ஏற்றி இறக்க வேண்டும். அதனாற் சக்தி வெப்பமாய் வீணாகின்றது. ஒளிவழியில் அவ்விழப்பு இல்லை; பல நிற ஒளிகள் ஒரே வழியில் ஒன்றையொன்று தடுக்காது செல்லவும் கூடும். இது சிறு நன்மையன்று. 2024-இல் உலகத்துத் தரவு மையங்கள் ஏறக்குறைய 41,500 கோடி யூனிட் மின்சாரம் உண்டன என்றும், அஃது உலக மின்செலவில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு என்றும் சர்வதேச எரிசக்தி முகமை மதிப்பிட்டுள்ளது.

ஆதலின் யான் வேண்டுவது முழுக்கணக்கு. லேசர் விளக்கிற்கு ஆகும் சக்தி எவ்வளவு? எண்ணை ஒளியாக்கவும், ஒளியை மீண்டும் எண்ணாக்கவும் எவ்வளவு? எடைகளை நினைவில் வைத்திருக்க எவ்வளவு? இவற்றை விட்டு ஒளி செல்லும் வழியை மட்டும் அளந்து காட்டுதல், அரிசி விலையைச் சொல்லி விறகு விலையை மறைப்பது போலாம்.

குறையை மறையாது கூறியதன் பயனை ஈண்டு நோக்குக. 2024-இல் அக்கழகத்தாரே தீர்ப்புப் பகுதியையும் சில்லினுள்ளே அடக்கிய மற்றொன்றை வெளியிட்டனர். அஃது ஆறு உயிரொலிகளை நூற்றுக்கு 92.5 என்னும் அளவிற் சரியாகப் பிரித்தறிந்தது. நம் இலக்கண நூலார் குற்றுயிருக்கு வகுத்த மாத்திரை, கண்ணிமைக்கும் பொழுது; இச்சில்லு தன் கணக்கை முடிக்கும் பொழுதோ, ஒரு விநாடியை நூறு கோடி கூறிட்டால் அவற்றுள் ஒரு கூற்றிற் பாதியும் இல்லை! எனினும் அதன்கண் அடுக்கிற்கு ஆறு நரம்பணுக்களாக மூன்று அடுக்குகளே உள. 2020-இல் வெளிவந்த ஜிபிடி-3 என்னும் மொழி மாதிரியின் எடைகளோ 17,500 கோடி. இடைவெளி பெரிது.

மாணவ நண்பர்காள்! ஒளியை இகழ்வது என் கருத்தன்று. தன் தேர்வில் 42 பிழை செய்தேன் என்று ஒப்பிய யந்திரத்தின் வழியே ஏழாண்டில் நல்லதொன்று பிறந்தது. அவ்வொப்புதலே ஆராய்ச்சியின் உயிர். இனி வருவோரிடமும் முழுக்கணக்கைக் கேட்போமாக. காட்டிய பின் மனமார வியப்போமாக.