ஈயச் சிப்பாய்க்கும் ஒரு தாய் உண்டு!

இரவு எட்டு மணி. இங்கிலாந்தில் ஒரு வீடு. சாப்பாடு முடிந்துவிட்டது. வீட்டுக்காரர் மேஜையைத் துடைக்கிறார். விளக்கைப் பக்கத்தில் இழுத்து வைக்கிறார். கையில் ஊசி முனை போன்ற தூரிகை. எதிரே ஒரு சிப்பாய் பொம்மை. கட்டை விரலில் பாதி உயரம்தான் இருக்கும்.

"இந்த வயதில் பொம்மை விளையாட்டா?" என்கிறார் மனைவி.

"அப்பா! இவன் எந்த நாட்டுச் சிப்பாய்? செத்துப் போவானா?" என்று கேட்கிறான் மகன்.

மனைவியின் கேள்விக்குப் பதில் சொல்வது சுலபம். மகனின் கேள்விக்குப் பதில் சொல்வதுதான் கஷ்டம்.

மேஜை மேல் போர்

பழங்காலப் படைகளைப் பொம்மைகளாகச் செய்து, வர்ணம் பூசி, மேஜை மேல் அணிவகுத்து நிறுத்திப் போர் விளையாடுவது பல நாடுகளில் ஒரு பொழுதுபோக்கு. ரோமாபுரிப் படை, கிரேக்கப் படை, பாரசீகப் படை என்று ஒவ்வொருவரும் ஒன்றைத் தேர்ந்தெடுத்துச் சேர்ப்பார்கள். அடிக்கோல் வைத்துத் தூரம் அளந்து படையை நகர்த்துவார்கள். பகடை உருட்டி வெற்றி தோல்வியை முடிவு செய்வார்கள்.

பழங்காலப் போர்களில் ஆர்வம் உள்ளவர்களுக்காக இங்கிலாந்தில் 1965-ம் ஆண்டு ஒரு சங்கமே தொடங்கினார்கள். அதைத் தொடங்கியவர் டோனி பாத். "பழங்காலத்தார் சங்கம்" என்பது அதன் பெயருக்குப் பொருள்.

பொம்மைக்கு வர்ணம் பூசுவது லேசான வேலை அல்ல. முதலில் அச்சில் படிந்த பிசிறை அரத்தால் தேய்த்து எடுக்க வேண்டும். பிறகு அடிப்பூச்சு. அது காய்ந்ததும் முகம், சட்டை, கேடயம், செருப்பு என்று ஒவ்வொன்றுக்கும் தனி வர்ணம். மடிப்புகளில் இருட்டுத் தெரிய நீர்த்த கறுப்பு. மேடுகளில் வெளிச்சம் தெரிய வெளிர் வர்ணம். கடைசியில் வார்னிஷ். காலடியில் பசை தடவி மணல் ஒட்ட வேண்டும். நிதானமாகச் செய்தால் ஒரு பொம்மைக்கு ஒரு மணி நேரம் ஆகும்.

"போர் வெறி வராதா?"

"பிள்ளைகள் கையில் சிப்பாய் பொம்மை கொடுத்தால் போர் வெறி வளரும்" என்று சொல்கிறவர்கள் உண்டு. அந்தப் பயத்தைக் கேலி செய்யக் கூடாது. அதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் இதற்கு நேர்மாறாக நினைத்தவரும் உண்டு. "காலயந்திரம்" கதை எழுதிய எச்.ஜி.வெல்ஸ்தான் அவர். 1913-ம் ஆண்டு "சின்னப் போர்கள்" என்ற பொருளில் பெயர் சூட்டி ஒரு புத்தகம் வெளியிட்டார். பொம்மைச் சிப்பாய்களை வைத்துப் போர் விளையாடும் முறைகளை அதில் எழுதினார். இந்த விளையாட்டை நாலு தடவை ஆடிப் பார்த்தால் போதும், நிஜப் போர் எவ்வளவு மடத்தனமானது என்பது யாருக்கும் விளங்கிவிடும் என்பது அவர் கட்சி.

அடுத்த ஆண்டே, 1914-ல், முதல் உலகப் போர் மூண்டது! லட்சக்கணக்கான வாலிபர்கள் மாண்டார்கள்.

ஆகவே, பொம்மை போரை நிறுத்தாது. பொம்மை போரைக் கொண்டுவருவதும் இல்லை. ஆனால் வர்ணம் பூசும் கைக்கு அது ஒரு பாடம் சொல்லிக் கொடுக்கும். அந்தப் பாடத்தைப் புரிந்து கொள்ள ஒரு பழைய போர்க்களத்தைப் பார்த்தால் போதும்.

கன்னே களம்

கி.மு.216, ஆகஸ்டு 2. தெற்கு இத்தாலியில் கன்னே என்ற இடம். ஒரு பக்கம் ரோமாபுரிப் படை. இன்னொரு பக்கம் ஹன்னிபாலின் படை. அவர் வட ஆப்பிரிக்காவில் இருந்த கார்த்தேஜ் நாட்டுத் தளபதி.

ரோமானியர் சுமார் 86 ஆயிரம் பேர் என்று கிரேக்க சரித்திர ஆசிரியர் பாலிபியஸ் எழுதி இருக்கிறார். ஹன்னிபாலிடம் இருந்தவர்கள் சுமார் 50 ஆயிரம் பேர்தான். ஆனால் அவர் தமது நடுப்படையை முன்னே வளைத்து நிறுத்தினார். ரோமானியர் அதைத் தள்ளிக் கொண்டு உள்ளே புகுந்தார்கள். நடுப்படை மெல்லப் பின்வாங்கியது. அதே சமயம் இரண்டு பக்கமும் காத்திருந்த ஆப்பிரிக்க வீரர்கள் திரும்பி நெருக்கினார்கள். குதிரைப்படை சுற்றிக் கொண்டு பின்னால் வந்து அடைத்தது. ரோமாபுரிப் படை பொறியில் சிக்கிய எலி ஆயிற்று.

இந்தக் களத்தைப் பொம்மையாகச் செய்கிறவர் சும்மா வர்ணம் அப்ப முடியாது. முதலில் படிக்க வேண்டும். ஹன்னிபால் என்றதும் எல்லோருக்கும் யானை ஞாபகம் வரும். ஆனால் கன்னேயில் யானையே கிடையாது! ஆல்ப்ஸ் மலையைத் தாண்டி வந்த யானைகளில் பெரும்பாலானவை அதற்கு முன்பே குளிரில் மடிந்துவிட்டன. ஸ்பெயின் வீரர்கள் ஊதாக்கரை போட்ட வெள்ளைச் சட்டை அணிந்திருந்தார்கள். ஆப்பிரிக்க வீரர்கள் முந்திய போர்களில் பறித்த ரோமானிய ஆயுதங்களையே ஏந்தி நின்றார்கள். ஆக, எதிரியின் கையிலும் ரோமாபுரிக் கேடயத்தைத்தான் தீட்ட வேண்டும்!

"எதிரி" என்று ஒரே வர்ணம் அடித்துவிட்டுப் போக முடியாது. எதிரிக்கும் ஊர் உண்டு, உடை உண்டு, முகம் உண்டு. தூரிகை சொல்லித் தரும் முதல் பாடம் இது.

கணக்குப் பாருங்கள்

இரண்டாவது பாடம், கணக்குப் பாடம்.

இந்த விளையாட்டில் ஒரு பொம்மையை 20 வீரர்களுக்குச் சமமாக வைத்துக் கொள்ளும் வழக்கம் உண்டு. அப்படியானால் கன்னேயில் நின்ற 1 லட்சத்து 36 ஆயிரம் பேருக்கு 6,800 பொம்மைகள் வேண்டும். தினம் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து இரண்டு பொம்மை வீதம் முடித்தாலும் ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அதனால்தான் பெரிய படைகளை நண்பர்கள் பலர் கூடிப் பங்கு போட்டுத் தீட்டுகிறார்கள்.

இனி, செத்தவர்களின் கணக்கு. அன்று மாண்ட ரோமானியர் சுமார் 48 ஆயிரம் பேர் என்று ரோமாபுரி சரித்திர ஆசிரியர் லிவி எழுதினார். பாலிபியஸ் சொல்லும் தொகை இன்னும் அதிகம். குறைந்த கணக்கையே எடுத்துக் கொள்ளுங்கள். அது 2,400 பொம்மைகள். ஒரு நாள்கூட விடாமல் தீட்டினாலும் மூன்றே கால் ஆண்டு வேலை.

மூன்றே கால் ஆண்டு உட்கார்ந்து தீட்டும் படை ஒரே நாளில் அழிந்தது! அதுவும் பொம்மைக் கணக்கில். ஒவ்வொரு பொம்மைக்கும் பின்னால் 20 பேர் நிற்கிறார்கள்.

"48 ஆயிரம் பேர் செத்தார்கள்" என்பது புத்தகத்தில் ஒரு வரி. கண் அதைத் தாண்டி ஓடிவிடும். 2,400 முகங்களுக்குக் கண் எழுதிய கை அப்படித் தாண்டி ஓடாது.

மேஜை மறைப்பது

ஆனால் இந்தப் பொழுதுபோக்கில் ஒரு குறையும் இருக்கிறது. அதை மூடி மறைக்கக் கூடாது.

ஆட்டத்தில் தோற்ற படையை மேஜையில் இருந்து எடுத்துப் பெட்டியில் வைத்து விடுகிறார்கள். களம் எப்போதும் சுத்தமாக இருக்கிறது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதே சிப்பாய் எழுந்து நிற்கிறான். கண்காட்சியிலும் அப்படித்தான். கவசம் மின்னுகிறது. கொடி பறக்கிறது. பார்க்கிறவர்கள் "ஆகா!" என்கிறார்கள். தப்பு நடப்பது இங்கேதான்.

கன்னே போருக்குப் பிறகு ரோமாபுரியில் என்ன நடந்தது? துக்கம் இல்லாத வீடு இல்லை. சீரிஸ் என்ற தானிய தேவதைக்குப் பெண்கள் எடுக்கும் ஆண்டுத் திருவிழாவே நின்று போயிற்று. துக்கத்தில் இருக்கிறவள் அதைக் கொண்டாடக் கூடாது. துக்கம் இல்லாத பெண்ணோ ஊரில் ஒருத்திகூட இல்லை! கடைசியில், "30 நாளுக்கு மேல் யாரும் துக்கம் கொண்டாடக் கூடாது" என்று ரோமாபுரி ஆட்சி மன்றம் உத்தரவு போட்டது என்று லிவி எழுதுகிறார்.

கண்ணீருக்கும் கெடு வைத்தார்கள்! இந்தச் செய்திக்கு மேஜை மேல் இடம் இல்லையா?

ஒரு யோசனை

இடம் உண்டு. அதற்குப் பெரிய செலவும் இல்லை.

விழுந்து கிடக்கும் சிப்பாய் பொம்மைகளும் கடையில் கிடைக்கின்றன. ஒரு படை தோற்றால் அதைப் பெட்டிக்குள் தள்ளிவிட வேண்டாம். அது நின்ற இடத்தில் விழுந்த பொம்மைகளை வையுங்கள். ஆட்டம் முடிகிறவரை அவை அங்கேயே கிடக்கட்டும். வெற்றி பெற்றவரும் அவற்றைத் தாண்டித்தான் படையை நகர்த்த வேண்டும்.

கண்காட்சியில் வைக்கிறவர்கள் படையின் பெயரோடு நிறுத்திக் கொள்ளாமல் இன்னொரு சீட்டும் வைக்கட்டும். எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் வீடு திரும்பினார்கள் என்று அதில் எழுதட்டும். அழகான படை அப்போதுதான் உண்மையான படை ஆகும்.

"இவன் செத்துப் போவானா?" என்று கேட்ட பையனிடம் "இது வெறும் பொம்மை" என்று மழுப்ப வேண்டாம். "ஆமாம், செத்துப் போனான். அவனைப்போல் அன்று 48 ஆயிரம் பேர் செத்தார்கள். அவன் அம்மா 30 நாள்தான் அழலாம் என்று சட்டம் போட்டார்கள்" என்று சொல்ல வேண்டும்.

ஒரு பொம்மையைத் தீட்ட ஒரு மணி நேரம் போதும். ஒரு பிள்ளையை வளர்க்க 20 வருஷம் வேண்டும். இந்தக் கணக்கு ஒரு சிறுவன் மனதில் பதிந்துவிட்டால், சாப்பாட்டு மேஜையில் சிந்திய வர்ணம் வீண் இல்லை.